படாக் சீவல் போட்ட பாதை

பாதை போட வேண்டும் என்று நான் முடிவு செய்ததே கோபத்தில்தான். மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரை விடாத தீவு இது. புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொஞ்ச இடத்தில், தரையில் எதை நட்டாலும் அழுகிப் போகும். அதனால் பாக்கு மரத்தைப் பிளந்து நான்கு பக்கமும் அடைப்புக் கொடுத்து, உள்ளே மண்ணும் எருவும் கொட்டி, முழங்கால் உயரத்துக்குப் பாத்திகளை எழுப்பியிருந்தேன். வெண்டையும் கத்தரியும் மேலே சொகுசாக நின்றன. அவற்றுக்குப் பணிவிடை செய்கிற நான்தான் கீழே சேற்றில் கிடந்தேன். ஒருநாள் காய் பறிக்கப் போய் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பாகல் பந்தலைப் பிடித்து இழுத்தேன், பந்தல் மொத்தமாகத் தலைமேல் வந்து இறங்கியது.

என்னைத் தூக்கி நிறுத்தியவர் பக்கத்து வீட்டு தீதி. வங்காளி. கணவர் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன, மகன் குடும்பத்தோடு வடக்கே டிக்லிப்பூரில் இருக்கிறான். என் கணவர் போனது முந்தின வருடம், என் மகன் சென்னையில். ஆக, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நான் அவரை தீதி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். யார் மூத்தவர் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்டால் யாராவது ஒருத்திக்கு நஷ்டம்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. நடுவில் இருப்பது இந்தத் தீவு இந்தி. வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்து வைத்திருக்கிற இந்தி. ஆண்பால் பெண்பால் தொல்லையெல்லாம் அதில் கிடையாது. தீதியின் வாயில் எல்லாச் சொல்லும் உருண்டையாக வரும். என் வாயில் ‘ஹ’ நிற்கவே நிற்காது. மஞ்சளுக்கு இந்தியில் ஹல்தி. நான் எத்தனை முயன்றாலும் அது அல்தி என்றுதான் வரும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் நடந்த குழப்பத்துக்கெல்லாம் மூலம் இதுதான்.

விழுந்ததை மகனிடம் சொல்லக் கூடாது என்று தீதியிடம் கெஞ்சினேன். அவனுக்குக் காரணம் கிடைத்துவிடும். வாரம் தவறாமல் போனில் அவன் பாடுகிற பாட்டு ஒன்றே ஒன்று. வீட்டைக் கொடுத்துவிட்டு மெயின்லேண்டுக்கு வந்துவிடு. “அங்க உனக்குன்னு யாரும்மா இருக்கா?” என்று கேட்பான். “தீதி இருக்காங்க” என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை. வீடு பழசு, சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். என் கணவர் போன சமயத்தில் வந்தவர்கள் எல்லோரும் காரியம் முடிந்ததும் கப்பலைப் பார்த்துப் போய்விட்டார்கள். சாயங்காலமானால் தன் வராந்தாவில் எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்தவர் இவர் ஒருவர்தான். அந்த டீயை நம்பித்தான் நான் இந்த ஊரில் இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பாதைக்கு ஜல்லி போடலாமா என்று முதலில் யோசித்தேன். அந்தச் சேறு ஜல்லியை ஒரே மழையில் விழுங்கிவிடும். மரச்சீவல் போட்டால் கால் புதையாது, களை வராது, மக்கினாலும் மண்ணுக்கு நல்லதுதான் என்று யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் மேஜை நாற்காலி செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் நடத்துவது. அங்கே போய்ச் சீவல் வேண்டும் என்றேன். “மாட்டுக்கா, கோழிக்கா?” என்று கேட்டார் பட்டறைக்காரர். “எனக்குத்தான். நடக்கிறதுக்கு” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாக்குகளைக் காட்டினார்.

எல்லாம் படாக், இந்தத் தீவுக் காட்டில் விளைகிற சிவப்பு மரம். இழைக்கிற மெஷினில் இருந்து சுருள் சுருளாக வந்த சீவலும், அடியில் தூளுமாக, செக்கச் செவேலென்று இருந்தது. மரம் அறுக்கிற மில் இருக்கிற சாத்தம் பாலத்தைத் தாண்டும்போது மூக்கில் ஏறுமே, அந்த மர வாசனை. மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சேற்றைச் சுரண்டி மட்டப்படுத்த வேண்டும். அதன்மேல் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, இடைவெளி விடாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி விரிக்க வேண்டும், அப்போதுதான் புல் தலைதூக்காது. மெயின்லேண்டில் இருந்து ஆப்பிளும் பிஸ்கட்டும் கப்பலில் வந்த பெட்டிகளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். அட்டைக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்குச் சீவல். பாத்திக்குள் மட்டும் அது போய்விடக் கூடாது. பச்சைச் சீவல் மண்ணோடு கலந்தால் மண்ணில் இருக்கிற சத்தை அது தின்றுவிடும், செடி மஞ்சளடித்துப் போகும். இதெல்லாம் தெரிந்துகொண்டு முறையாகச் செய்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துவிட்டது.

போட்டு முடித்து வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கால் எங்கேயும் வழுக்கவில்லை, புதையவில்லை. மெத்தென்று இருந்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தேன். சேற்றுக்குப் பயந்து நடந்த இடத்தில் தைரியமாகக் கால் வைப்பது இவ்வளவு சந்தோஷம் தரும் என்று எனக்குத் தெரியாது.

அப்படியே கால்கூடக் கழுவாமல், ஒரு பிடி வெண்டைக்காயோடு தீதி வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன். தகரக் கூரையில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் நான் உட்கார்ந்ததும் தீதி தரையைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

“அக்கா, லகாயா?” என்று மெதுவாகக் கேட்டார். லகாயாவுக்கு முன்னால் வந்த ஒரு சொல்லை மழை பாதி தின்றுவிட்டது. எனக்கு மிச்சம் கேட்டது ‘ஆல்த்’ என்கிற மாதிரி ஏதோ ஒன்று. தீதியின் உருண்டை உச்சரிப்பை நேர்செய்து கேட்டுப் பழகிய என் காது அதை ஹல்தியாக்கிக்கொண்டது. இந்தியில் லகாயா என்றால் நட்டாயா என்றும் அர்த்தம், பூசினாயா என்றும் அர்த்தம். தோட்டத்தில் இருந்து வருகிறவளை வேறு என்ன கேட்பார்கள்? மஞ்சள் நட்டாயா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நட்டுத்தான் இருந்தேன். கோடியில் ஒரு பாத்தி முழுக்க மஞ்சள்தான்.

“ஆங், அல்தி லகாயா” என்றேன் பெருமையாக. அத்தோடு விட்டேனா? எனக்கு எத்தனை வருட ஆசை தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் உயிரோடு இருந்த வரைக்கும் விடவே இல்லை என்றேன். மஞ்சள் மாதக் கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று என் கணவர் தடுத்துக்கொண்டே இருப்பார், அதைத்தான் சொன்னேன். மகனிடம் சொன்னால் அவனும் எதற்கு என்கிறான், கடையில் பாக்கெட் கிடைக்கிறதே என்று நினைக்கிறான், இனிமேல் நான் யாரைக் கேட்க வேண்டும் என்றேன். கடைசியாக, தீதி, நீங்களும் போடுங்கள், என்னிடம் நிறைய இருக்கிறது, நான் தருகிறேன் என்றேன்.

தீதி டீ டம்ளரைக் கீழே வைத்தார். அது பாதிகூடக் காலியாகவில்லை. எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் வெண்டைக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வராந்தாவில் டீ இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டதற்கு உடம்பு சரியில்லை என்று உள்ளே இருந்தே சொன்னார். குரலில் உடம்பு சரியில்லாதது மாதிரி எதுவும் தெரியவில்லை. எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வெண்டைக்காய் முற்றலாக இருந்ததா? மஞ்சளைப் பற்றி வங்காளிகளுக்கு ஏதாவது சாஸ்திரம் இருக்கிறதா? என் கணவரைக் குறை சொன்னது பிடிக்கவில்லையா? ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தள்ளினது எல்லாம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் தண்ணீரைக் கவனித்தேன். மழைத் தண்ணீர் என் பாதையில் ஊறிச் சிவந்து, வேலிக்குக் கீழே புகுந்து, தீதி வீட்டுத் துளசி மாடத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஓஹோ, இதுதானா என்று நினைத்தேன். துளசிக்கு முன்னால் ரத்தம் மாதிரி தண்ணீரை விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டினேன். தண்ணீர் என் பக்கமே திரும்பியது. தீதி கதவைத் திறந்து பார்த்தார். தண்ணீரை நிறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். வாய்க்காலைக் காட்டினேன். அவர் வாய்க்காலைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டினது எதற்கு என்று எனக்கே புரியாமல் போனது.

வீட்டிலும் எல்லாம் சிவப்பாக இருந்தது. குளியலறையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது, தொட்டி துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தரையில் சிவப்புத் தடம் விழுந்தது, செம்மண் என்று துடைத்தேன். யார்தான் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அந்த வாரம் மகன் போன் செய்தான். வழக்கமான பாட்டு, வழக்கமான கேள்வி. அங்க உனக்குன்னு யாரும்மா இருக்கா? “தீதி இருக்காங்க” என்று எனக்குச் சொல்ல வரவில்லை. “பாக்கலாம்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டான் என்பது குரலிலேயே தெரிந்தது. வீட்டுக்கு ஆள் பார்க்கட்டுமா, டிக்கெட் போடட்டுமா என்று அடுக்கினான். போனை வைத்துவிட்டு அழுதேன். ஒரு டம்ளர் டீ போனதற்காகவா ஊரை விட்டுப் போகப்போகிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் அதற்காகத்தான் போகப்போகிறேன் என்பதும் தெரிந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில், தூறலில், தீதி வேலியோரம் வந்து நின்றார். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டிருந்தார். சாலையில் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“அக்கா, தும் போலா தா ஹம்கோ பி தேகா” என்றார். எனக்கும் தருவதாகச் சொன்னாயே. “தோடா தோ.” கொஞ்சம் கொடு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபம் இல்லையா, மஞ்சள்தான் வேண்டுமா, இவ்வளவு நாள் அதற்காகவா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார்? எதுவாக இருந்தால் என்ன, வந்துவிட்டார். உள்ளே ஓடி, விதைக்கு எடுத்துவைத்ததில் மிச்சமிருந்த மஞ்சளில் நல்ல முளை விட்ட விரல் கிழங்குகளாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, வேலிக்கு மேலே நீட்டினேன்.

தீதி பைக்குள் பார்த்தார். “யே க்யா ஹை?” இது என்ன?

“அல்தி.”

“ஆல்தா” என்றார் அவர்.

“அல்தி” என்றேன் நான், இன்னும் சத்தமாக. காது மந்தமாகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு விரலை நீட்டி என் பாதத்தைக் காட்டினார். பிறகு அந்த விரலால் காற்றில், தன் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிற மாதிரி ஓட்டினார். “ஆல்தா.”

நான் குனிந்து பார்த்தேன். கால்விரல் நுனிகள் சிவந்திருந்தன. பாதத்தின் ஓரம் முழுக்க ஒரே சீராகச் சிவப்பு. பாத்தியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் செக்கச் செவேலென்று இருந்தது. தினமும் நனைந்த படாக் சீவலில் நடந்து நடந்து ஏறின சாயம்.

வங்காளிப் பெண்கள் காலில் சிவப்புக் குழம்பு பூசிக்கொள்வதைத் துர்கா பூஜைக்கு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நம் ஊர் மருதாணி மாதிரி ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன், அதற்குப் பெயர் ஆல்தா என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பூசிக்கொள்கிறவர்கள் எல்லோரும் கணவன் இருக்கிறவர்கள் என்பது தெரியும். தீதி மாதிரி கணவனை இழந்த பெண்கள் அதைத் தொடவே மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து நான் சொன்னதெல்லாம் அப்போது எனக்குத் திரும்பக் கேட்டது. ஆமாம், பூசிக்கொண்டேன். எத்தனை வருட ஆசை. அவர் உயிரோடு இருந்த வரைக்கும் விடவில்லை. மகன் எதற்கு என்கிறான். இனிமேல் யாரைக் கேட்க வேண்டும்? நீங்களும் போடுங்கள், தருகிறேன். எனக்குக் காதெல்லாம் சுட்டது. சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தும்விட்டேன்.

தீதியின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது. பையில் இருந்த மஞ்சளையும் என் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. அத்தனை நாளும் அவர் என்மேல் கோபமாக இல்லை. உள்ளே உட்கார்ந்து துணிவைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற ஒரு சீசியை, வெறும் நெற்றியோடு போய்க் கேட்க முடியாததால் என்னிடம் வந்திருக்கிறார். நான் அவர் கையில் மஞ்சள் கிழங்கைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் பையின் வாயை மடித்தார். “மாஃப் கர்னா, அக்கா” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார். முகம் சுண்டிப்போயிருந்தது. அப்படியே போக விட்டால் அவர் மறுபடி என் முகத்தைப் பார்க்க மாட்டார், டீயும் வராது, நானும் இங்கே இருக்க மாட்டேன் என்று எனக்குப் பட்டது.

“தீதி, செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்றேன். தமிழில்தான் சொன்னேன். பயத்தில் வேறு எதுவும் வரவில்லை.

அவர் நின்றார். நான் வேலிப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டேன். என்ன புரிந்துகொண்டாரோ, ரப்பர் செருப்பைப் படலுக்கு வெளியே விட்டுவிட்டு, ஒரு கால் வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த கால். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு வெண்டைப் பாத்தியைச் சுற்றி, கத்தரியைத் தாண்டி, கோடியில் மஞ்சள் பாத்தி வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். தூறல் வலுத்துக்கொண்டே இருந்தது, இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. அவர் பின்னாலேயே நானும் நடந்தேன்.

பிறகு பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். இன்னும் அவ்வளவாக ஏறவில்லை. குதிகாலிலும் விரல்களின் அடியிலும் மட்டும் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

“கோயி பூசேகா தோ?” என்றார். யாராவது கேட்டால்?

“படாக் போல்னா” என்றேன். “சச் ஐ.” மரம் என்று சொல்லுங்கள். உண்மைதானே.

அவர் காலை மடியில் இருந்து இறக்கினார். “சச் ஹை” என்று தானும் சொன்னார். எழுந்து இன்னொரு சுற்றுக்குப் போனார். அன்று சாயங்காலம் வராந்தாவில் இரண்டு டம்ளர் டீ இருந்தது.

அந்த மஞ்சளையும் அவர் திருப்பித் தரவில்லை. தன் பக்கம் ஒரு சின்னப் பாத்தி எழுப்பி நட்டுவிட்டார். என் கணவரைப் பற்றி நான் சொன்னது மஞ்சள் விஷயம்தான் என்று அவருக்கு எப்போதாவது விளங்கியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

இப்போது சீவல் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, நடந்தால் காலில் ஒட்டுவதில்லை. பாதையாக அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீதி இரண்டு தடவை காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த லோடு எப்போது என்று கேட்டுவிட்டார். பட்டறைக்குப் போன் செய்தேன். படாக் இப்போது இல்லை, வேறு மரம் இருக்கிறது, நடக்கிறதற்கு எதுவாக இருந்தால் என்னம்மா என்றார் பட்டறைக்காரர். படாக் வருகிற வரைக்கும் காத்திருக்கிறேன் என்றேன்.

மகனிடமும் அதையேதான் சொன்னேன். டிக்கெட் போட வேண்டாம், தோட்டத்துப் பாதைக்குச் சீவல் வர வேண்டியிருக்கிறது, நான் வரவில்லை.

“மரத்தூளுக்காகவாம்மா அங்க இருக்கப்போற?”

“ஆமாப்பா” என்றேன். “தீதிக்கும் வேணும்.”